மதியம் திரும்பி வர ஓர் அறை

முழு ஆண்டுத் தேர்வு நெருங்கும்போதே செய்தித்தாள்களின் உள்பக்கங்களில் அந்த விளம்பரங்கள் தலைகாட்டத் தொடங்கிவிடும். ஐந்து இரவு, ஆறு பகல். சிங்கப்பூர், கோலாலம்பூர், கெந்திங் மலை. விமானம், விசா, ஹோட்டல், காலை உணவு எல்லாம் சேர்த்து நபருக்கு இவ்வளவு. தமிழ்நாட்டின் பல நடுத்தரக் குடும்பங்களுக்கு முதல் வெளிநாட்டுப் பயணம் இப்படித்தான் அமைகிறது. பிள்ளைகளுக்கு உலகத்தைக் காட்ட வேண்டும், தாத்தா பாட்டியை ஒரு முறையாவது விமானத்தில் ஏற்றிவிட வேண்டும் என்று வருஷக்கணக்கில் சேர்த்து வைத்த பணம் அதில் போகிறது. அந்த ஆசைக்கும் பணத்துக்கும் இந்த ஆறு நாள் திட்டம் நியாயம் செய்வதில்லை.

திட்டத்தைப் பிரித்துப் பார்த்தால் காரணம் தெரியும். சென்னையில் நள்ளிரவு விமானம். நாலு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலான பயணம். சிங்கப்பூர் கடிகாரம் நம்முடையதைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுவதால், இறங்கும்போது அங்கே காலை ஆறே முக்கால். நம் உடம்புக்கோ அது அதிகாலை நாலே கால். ஹோட்டலில் அறை கிடைப்பது மதியம் இரண்டு அல்லது மூன்று மணிக்கு. இடைப்பட்ட நேரத்துக்கு 'நகரச் சுற்றுலா' என்று பெயர் வைத்து வேனில் ஏற்றிவிடுகிறார்கள். அன்றிரவே நைட் சஃபாரி. மறுநாள் முழுக்க சென்டோசா. மூன்றாம் நாள் காலை பெட்டி படுக்கையோடு கோலாலம்பூர் பஸ். நான்காம் நாள் பத்துமலையும் கெந்திங்கும். ஐந்தாம் நாள் இரட்டைக் கோபுரத்தின் முன்னால் ஒரு படம், கொஞ்சம் கடைவீதி, மறுபடி பெட்டி கட்டுதல்.

அந்த மூன்றாம் நாளை மட்டும் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். சிங்கப்பூரிலிருந்து கோலாலம்பூர் ஏறத்தாழ 350 கிலோமீட்டர். சாலை அருமையானது, பஸ்ஸும் வசதியானது. ஆனால் நடுவில் ஒரு நாட்டின் எல்லை இருக்கிறது. சிங்கப்பூர் சோதனைச் சாவடியில் இறங்கி, பாஸ்போர்ட்டைக் காட்டி, மறுபடி ஏற வேண்டும். பாலத்தைத் தாண்டியதும் மலேசியச் சாவடியில் மறுபடி இறங்க வேண்டும். இம்முறை பெட்டிகளையும் இழுத்துக்கொண்டு ஸ்கேனரைக் கடக்க வேண்டும். தடங்கல் இல்லாவிட்டால் ஐந்தாறு மணி நேரத்தில் ஊர் போய்ச் சேரலாம். வெள்ளிக்கிழமை மாலையோ நீண்ட வார விடுமுறையோ குறுக்கிட்டால் எல்லையிலேயே சில மணி நேரம் போய்விடும். இளைஞர்களுக்கு இது அனுபவம். முழங்கால் வலியுள்ள பாட்டிக்கும், அவரையும் ஐந்து வயதுப் பிள்ளையையும் இரண்டு பெட்டிகளையும் ஒருசேரப் பார்த்துக்கொள்ள வேண்டிய அம்மாவுக்கும் விடுமுறையில் ஒரு நாள் அப்படியே பறிபோகிறது. பெட்டி கட்டுவதும் பிரிப்பதும் நம் வீடுகளில் யார் தலையில் விழுகிற வேலை என்பது எல்லோருக்கும் தெரியும். இரண்டு நாளைக்கு ஒரு முறை ஹோட்டல் மாறும் திட்டத்தில் அந்த ஒருவருக்கு விடுமுறையே கிடையாது.

ஆகவே, எத்தனை ஊர் பார்க்கலாம் என்று தொடங்காமல், எந்த ஹோட்டலில் ஐந்து இரவும் தங்கலாம் என்று தொடங்குவது நல்லது. ஹோட்டலை எடை போட ஒரே ஒரு கேள்வி போதும்: காலையில் வெளியே போன குடும்பம் மதியம் சிரமமில்லாமல் அறைக்குத் திரும்ப முடியுமா? சிங்கப்பூர் பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருக்கிறது. வருஷம் முழுக்கப் புழுக்கம். பிற்பகலில் இடி மின்னலோடு மழை கொட்டுவது அங்கே சாதாரணம். பன்னிரண்டு மணிக்குத் திரும்பி, குளித்து, சாப்பிட்டு, சிறுவர்களும் பெரியவர்களும் ஒரு தூக்கம் போட்டு, ஐந்து மணிக்கு மறுபடி கிளம்பும் குடும்பம், காலை முதல் இரவு வரை வேனிலேயே கிடக்கும் குடும்பத்தைவிட அதிகம் பார்க்கும், அதிகம் ரசிக்கும். யாருக்காவது உடம்பு முடியவில்லையென்றால், எல்லோருடைய நாளும் கெடாமல் ஒருவர் மட்டும் அறையில் இருந்துகொள்ளலாம்.

இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு சிங்கப்பூரின் ரயில் வரைபடத்தைப் பாருங்கள். லிட்டில் இந்தியா நிலையத்தில் இரண்டு எம்.ஆர்.டி. வழித்தடங்கள் சந்திக்கின்றன. நீல நிற டவுன்டவுன் தடத்தில் ஏறினால் ரோச்சோர், பூகிஸ், புரொமெனேட், அடுத்தது பேஃபிரண்ட். நாலே நிறுத்தம். வெளியே வந்தால் ஒரு பக்கம் மரினா பே சாண்ட்ஸ், இன்னொரு பக்கம் கார்டன்ஸ் பை தி பே. ஊதா நிற வடகிழக்குத் தடத்தில் ஏறினால் தோபி காட், கிளார்க் கீ, சைனாடவுன், ஊட்ரம் பார்க் தாண்டி ஹார்பர்ஃபிரண்ட். மேலே ஏறினால் விவோசிட்டி வணிக வளாகம். அங்கிருந்தே சென்டோசா போகும் குட்டி ரயில். வண்டி மாற வேண்டியதில்லை, டாக்சிக்கு நிற்க வேண்டியதில்லை. 90 சென்டிமீட்டருக்குக் குறைவான உயரமுள்ள பிள்ளைகளுக்கு, டிக்கெட் எடுத்த பெரியவரோடு வந்தால், கட்டணமும் இல்லை. லிட்டில் இந்தியாவுக்கு அடுத்த ஃபேரர் பார்க் நிலையத்தை ஒட்டியும் ஹோட்டல்கள் நிறைய உண்டு. ஒரு நிறுத்தம்தான் கூடும்.

'வெளிநாடு போயும் தமிழ்க் கடைகளுக்கு நடுவிலா தங்குவது?' என்று பிள்ளைகள் முகம் சுளிக்கலாம். புதிதாகக் கல்யாணமான ஜோடி என்றால் அந்தக் கேள்வி நியாயமே. அவர்கள் ஆற்றோரத்திலோ கத்தோங் பக்கமோ தங்கட்டும். சர்க்கரைக்கு மாத்திரை போடும் தாத்தாவுக்குக் காலை ஏழரைக்கு இட்லி வேண்டும் என்றால் கணக்கு வேறு. சிராங்கூன் சாலையில் 1947-இல் தொடங்கிய கோமள விலாஸ் இன்றும் நடக்கிறது. தேக்கா சந்தையின் உணவுக் கடைகளில் தோசையும் பிரியாணியும் கிடைக்கும். இரவு பத்து மணிக்கு மருந்தோ பால் பவுடரோ வேண்டுமென்றால் முஸ்தபா சென்டர் நடக்கும் தூரத்தில். காலையில் வீரமாகாளியம்மன் கோயிலுக்கு நடந்து போய் வருவதைப் பாட்டி எந்த சுற்றுலாத் திட்டத்தைவிடவும் பெரிதாக நினைக்கக்கூடும். ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்: ஞாயிற்றுக்கிழமை மாலை அந்தப் பகுதி நிரம்பி வழியும். கட்டுமானத்திலும் கப்பல் பட்டறையிலும் வாரமெல்லாம் உழைக்கும் நம் ஊர்த் தம்பிகளும் வங்கதேசத்துத் தொழிலாளர்களும் நண்பர்களைப் பார்க்கவும், ஊருக்குப் பணம் அனுப்பவும், வாய்க்கு ருசியாகச் சாப்பிடவும் வருகிற நாள் அது. அந்த இடம் அன்று அவர்களுடையது. நாம் அன்று மாலை வேறு பக்கம் போய்விட்டு மெதுவாகத் திரும்பலாம்.

பகுதி முடிவானதும் அறையைப் பார்க்க வேண்டும். இங்கேதான் நம்மவர்கள் ஏமாந்து போகிறார்கள். இணையத்தில் படத்தையும் நட்சத்திரத்தையும் பார்க்கிறோம். சதுர மீட்டரைப் பார்ப்பதில்லை. 12 சதுர மீட்டர் என்று போட்டிருந்தால் அது 130 சதுர அடிகூட முழுசாக இல்லை. கட்டில் போட்டது போக, பெரிய பெட்டி ஒன்றைத் தரையில் வைத்துத் திறக்க முடியாது. சிங்கப்பூரின் மலிவு ஹோட்டல்களில் ஜன்னலே இல்லாத அறைகள் சகஜம். அறையின் பெயருக்குக் கீழே சிறிய எழுத்தில் அதைச் சொல்லியிருப்பார்கள்; பலரும் கவனிப்பதில்லை. வெளியே விடிந்ததா, மழை பெய்கிறதா என்று தெரியாத அறையில் ஐந்து நாள் இருப்பது பெரியவர்களுக்கு மூச்சு முட்டும். இரவுக்குச் சில நூறு ரூபாய் வித்தியாசத்துக்காக அதை எடுக்க வேண்டாம்.

அடுத்தது தலைக்கணக்கு. இரண்டு பெரியவர்கள், இரண்டு பிள்ளைகள், தாத்தா, பாட்டி என்றால் இரண்டு அறை வேண்டும். நம் ஊரில் செய்வதுபோலக் கூடுதலாக ஒரு மெத்தையை விரித்துச் சமாளிக்கலாம் என்று நினைத்துக்கொண்டு போகக் கூடாது. ஓர் அறையில் எத்தனை பேர் என்பதில் வெளிநாட்டு ஹோட்டல்கள் கண்டிப்பானவை. குழந்தை என்றால் எத்தனை வயது வரை என்பதே ஹோட்டலுக்கு ஹோட்டல் மாறும். முன்பதிவில் பிள்ளைகளின் வயதை மறைக்காமல் கொடுத்துவிட வேண்டும். கவுன்டரில் நள்ளிரவில் வாக்குவாதம் செய்வதற்கு அது மேல். இரண்டு அறைகளும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பது ஒன்று, உள்ளேயே கதவு வைத்து இணைத்த அறைகள் இன்னொன்று. எதுவும் கேட்காமல் விட்டால் தாத்தா பாட்டி நாலாம் மாடியிலும் மற்றவர்கள் ஒன்பதாம் மாடியிலும் இருக்க நேரும். முன்பதிவு செய்தவுடன் ஹோட்டலுக்கே ஒரு மின்னஞ்சல் எழுதி, பதிலை வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

குளியலறையைப் பற்றிப் பேசக் கூச்சப்பட வேண்டாம். குளிப்பதற்குத் தொட்டிக்குள் காலைத் தூக்கி வைத்து ஏற வேண்டுமா, தரையோடு தரையாக ஷவர் இருக்கிறதா என்பது எழுபது வயதுக்காரருக்கு முதல் கேள்வி. கழிப்பறையில் தண்ணீர்க் குழாய் மலேசியாவில் பரவலாக உண்டு. சிங்கப்பூரில் பல ஹோட்டல்களில் காகிதம் மட்டும்தான். பயணிகள் எழுதும் விமர்சனங்களைப் படிக்கும்போது மதிப்பெண்ணை விட்டுவிட்டு, குடும்பத்தோடு போனவர்கள் எழுதியதில் லிப்ட், குளியலறை, சத்தம், ரயில் நிலையத்துக்கு நடக்க ஆன நேரம் ஆகியவற்றைத் தேடிப் படிக்க வேண்டும். பிரமாதம் என்று மட்டும் எழுதிய பத்து பேரைவிட, சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போன ஒருவரின் நாலு வரி உதவும்.

ஹோட்டலுக்குப் பதிலாக ஒரு வீட்டையே வாடகைக்குப் பிடித்தால் சமைத்துக்கொள்ளலாமே என்ற யோசனை இயல்பாக வரும். சிங்கப்பூரில் அது சட்டவிரோதம். தனியார் குடியிருப்புகளைத் தொடர்ந்து மூன்று மாதத்துக்குக் குறைவாக வாடகைக்கு விடக் கூடாது. அரசு கட்டிய எச்.டி.பி. வீடுகளில் சுற்றுலாப் பயணிகள் தங்கவே கூடாது. 2018-இல் இந்த விதியை மீறிய இரண்டு பேருக்குத் தலா 60,000 சிங்கப்பூர் டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. யாராவது தெரிந்தவர் மூலம் வீடு மலிவாக வருகிறது என்றால், போய் இறங்கிய நாளில் கதவு திறக்காமல் போகலாம் என்பதையும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும்.

பணத்துக்கு வருவோம். சிங்கப்பூர் ஹோட்டல்கள் விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி போடுவதுண்டு. ஒன்று 10 சதவீத சேவைக் கட்டணம். மற்றது 2024 ஜனவரியிலிருந்து 9 சதவீதமாக இருக்கும் ஜி.எஸ்.டி. சேவைக் கட்டணத்தைச் சேர்த்த தொகை மீதுதான் ஜி.எஸ்.டி. கணக்கிடப்படும். 200 டாலர் என்று போட்ட அறைக்குக் கொடுக்க வேண்டியது 239 டாலர் 80 காசு. இரண்டு அறை, ஐந்து இரவு என்றால் 398 டாலர் கூடுகிறது. ரூபாயில் இருபத்தைந்தாயிரத்துக்கு மேல். சென்டோசா டிக்கெட்டுக்கு வைத்திருந்த பணம் அதில் கரைந்துவிடும். ஆகவே இரண்டு ஹோட்டல்களை ஒப்பிடும்போது, வரியெல்லாம் சேர்ந்த கடைசித் தொகையைத்தான் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அட்டை தேய்க்கும்போது இயந்திரம் ரூபாயா, உள்ளூர்ப் பணமா என்று கேட்டால் உள்ளூர்ப் பணத்தைத் தேர்ந்தெடுங்கள். ரூபாயைத் தொட்டால் அந்த இயந்திரம் வைக்கும் மாற்று விகிதம் பெரும்பாலும் நமக்கு நஷ்டம். பேக்கேஜாக வாங்குபவர்களிடம் டி.சி.எஸ். என்று ஒரு தொகையைப் பிடிப்பார்கள். அதன் விகிதம் பட்ஜெட்டுக்கு பட்ஜெட் மாறுகிறது. ஆனால் அது கூடுதல் செலவாகப் போய்விடுவதில்லை, வருமானவரிக் கணக்கு தாக்கல் செய்யும்போது கழித்துக்கொள்ளலாம். ரசீதைத் தொலைக்காமல் இருந்தால் போதும்.

தள்ளுபடி தருகிறோம், ஆனால் பணம் திரும்பக் கிடைக்காது என்கிற அறைகளைக் குடும்பத்தோடு போகிறவர்கள் தொடவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. பாட்டிக்குத் திடீரென்று உடம்புக்கு முடியாமல் போகலாம், பிள்ளைக்கு அம்மை போடலாம். சிங்கப்பூர் போக இந்தியர்களுக்கு விசா வேண்டும்; அங்கீகரிக்கப்பட்ட முகவர்கள் வழியாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும். விசா கைக்கு வருமுன் கட்டிய பணம் சிக்கலில் மாட்டக் கூடாது. கட்டணமில்லாமல் ரத்து செய்யும் வசதிக்கு ஒரு கடைசி நேரம் இருக்கும். அது ஹோட்டல் இருக்கும் ஊரின் நேரம். அங்கே இரவு 11.59 என்றால் நம் வீட்டுக் கடிகாரத்தில் 9.29. அட்டவணையில் அந்தத் தேதியையும் நேரத்தையும் எழுதி, குடும்ப வாட்ஸ்ஆப் குழுவில் போட்டுவிட வேண்டும்.

தேதி விஷயத்தில் இன்னொரு பொறி. தமிழ்நாட்டில் காலாண்டுத் தேர்வு விடுமுறை வரும் செப்டம்பர் கடைசி, அக்டோபர் தொடக்கத்தை ஒட்டித்தான் 2008 முதல் சிங்கப்பூரில் ஃபார்முலா ஒன் இரவுப் பந்தயம் நடக்கிறது. மரினா பே தெருக்களே பந்தயப் பாதை. அந்த வார இறுதியில் ஹோட்டல் வாடகை எகிறும், பல சாலைகள் அடைபடும். காலண்டரில் அந்த வாரத்தை முதலில் அடித்துவிட்டுப் பிறகு தேதி குறிக்கலாம். சீனப் புத்தாண்டும் அப்படியே. அப்போது பல கடைகள் அடைத்தும் இருக்கும்.

இவ்வளவும் முடிந்த பிறகு நாள் திட்டம் தானாக அமையும். முதல் நாள் எதையும் வைக்கக் கூடாது. காலை ஆறே முக்காலுக்கு இறங்குகிறவர்கள் ஒன்று முந்தின இரவுக்கும் சேர்த்து அறைக்குப் பணம் கட்ட வேண்டும், இல்லாவிட்டால் பகல் விமானத்தில் போய் மாலையில் இறங்க வேண்டும். பணம் கூடுதல்தான். தூக்கமில்லாத ஆறு பேரோடு ஊர் சுற்றுவதற்குக் கொடுக்கும் விலை அதைவிடப் பெரிது. நைட் சஃபாரி மாலை ஏழேகாலுக்குத் திறந்து நள்ளிரவு வரை நடக்கும். அதைப் பார்க்கிற இரவுக்கு மறுநாள் காலை பத்து மணி வரை தூங்க விட வேண்டும். யுனிவர்சல் ஸ்டுடியோஸில் பல சவாரிகளுக்கு உயர வரம்பு உண்டு. ஐந்து வயதுப் பிள்ளைக்கும் தாத்தா பாட்டிக்கும் முழு நாள் டிக்கெட் எடுப்பது வீண். அவர்கள் மூவரும் அன்று தாவரவியல் பூங்காவுக்குப் போகலாம். 2015-இல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த தோட்டம். நுழைவுக் கட்டணம் கிடையாது. கார்டன்ஸ் பை தி பேயில் ராட்சத மரங்களின் ஒளி விளையாட்டு இரவு 7.45-க்கும் 8.45-க்கும், அதுவும் இலவசம். மதியம் தூங்கி எழுந்த குடும்பத்துக்கு நாலு நிறுத்தம் தள்ளி இருக்கிற அந்த இடம் மாலை நடைபோலத்தான்.

டூர் ஏஜென்ட்டை ஒதுக்கிவிடச் சொல்லவில்லை. மொழிப் பயம், விசாத் தாள்கள், விமான நிலையத்தில் யாராவது பெயர்ப்பலகையோடு நிற்பார்கள் என்ற தைரியம் ஆகியவற்றுக்காகக் கொடுக்கும் பணம் வீணில்லை. முதல்முறை போகிற பெரியவர்களுக்கு அது அவசியமும்கூட. ஆனால் பேக்கேஜில் போட்டிருக்கும் ஹோட்டலின் பெயரைக் கேளுங்கள். 'அல்லது அதற்கு நிகரானது' என்று எழுதியிருந்தால் பெயரை எழுத்தில் வாங்காமல் முன்பணம் கட்ட வேண்டாம். ஒரே ஊரில் ஐந்து இரவு என்று மாற்றித் தரச் சொன்னால், நல்ல ஏஜென்ட் மாற்றித் தருவார். சிங்கப்பூருக்கான வருகை அட்டை இலவசம் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். இறங்குவதற்கு முந்தைய மூன்று நாள்களுக்குள் குடிநுழைவுத் துறையின் தளத்தில் நிரப்ப வேண்டும். அதற்குப் பணம் கேட்கும் போலித் தளங்கள் நிறைய உலவுகின்றன.

மலேசியாவை விட்டுவிட்டால் மறுபடி எப்போது பார்ப்பது என்று தாத்தா கேட்கலாம். அந்த ஏக்கத்தில்தான் இரண்டு நாடுகளை ஆறு நாளில் அடைக்கிறோம். இன்று திருச்சியிலிருந்தே கோலாலம்பூருக்கு நேரடி விமானம் இருக்கிறது. 2023 டிசம்பரிலிருந்து இந்தியர்கள் 30 நாள் வரை விசா இல்லாமல் மலேசியா போகலாம். அந்தச் சலுகை 2026 கடைசி வரை நீட்டிக்கப்பட்டிருக்கிறது. மலேசிய வருகை அட்டையையும் மூன்று நாளுக்குள் இலவசமாக இணையத்தில் நிரப்பிவிட்டால் போதும். அடுத்த விடுமுறைக்குத் தனியாக நாலு இரவு எடுத்து அதே கேள்வியோடு ஹோட்டல் தேடலாம். விமான நிலையத்திலிருந்து எக்ஸ்பிரஸ் ரயிலில் 28 நிமிஷத்தில் கே.எல். சென்ட்ரல், அதை ஒட்டினாற்போல் தமிழ்க் கடைகள் நிறைந்த பிரிக்ஃபீல்ட்ஸ். அறைகள் சிங்கப்பூரைவிடப் பெரியவை, வாடகையும் குறைவு. அறைக்கு ஓர் இரவுக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரி மட்டும் தனியாகக் கட்ட வேண்டும். கே.எல். சென்ட்ரலிலிருந்து கொம்யூட்டர் ரயில் நேரே பத்துமலைக்குப் போகிறது. அங்கே 272 படிகள். வெயில் ஏறுமுன் விடியற்காலையில் கிளம்பினால் முடிந்தவர்கள் ஏறலாம், முடியாதவர்கள் 42.7 மீட்டர் முருகன் சிலையின் கீழேயே கும்பிட்டுவிட்டு, அடிவாரத்துக் கோயில்களைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். குரங்குகள் பையைப் பிடுங்கும் என்பதால் தின்பண்டம் எதையும் கையில் கொண்டுபோக வேண்டாம். பதினோரு மணிக்குள் எல்லோரும் பிரிக்ஃபீல்ட்ஸ் திரும்பிவிடலாம், சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு குளியல் போட நேரம் இருக்கும்.